அழுத்து, இழு, விடு: அணை மட்டப் பலகைக்கு மவுஸ் பழக்குதல்

தாமிரபரணியின் எட்டு அணைக்கட்டுகளில் கடைசியானது ஸ்ரீவைகுண்டம். அதையும் தாண்டி, ஆறு கடலைத் தொடுவதற்குச் சற்று முன்னால் ஏரல் இருக்கிறது. மேலே எங்கு நீர் திறந்தாலும், எங்கு மழை கொட்டினாலும், எல்லாம் வந்து சேரும் இடம் இது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பக்கத்துக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை பெய்தபோது, அணைகளிலிருந்து வந்த நீரும் அணைகளுக்குக் கீழே பெய்த மழையும் ஒன்றாகி ஏரல் கடைவீதிக்குள் புகுந்தன. ஊர் துண்டிக்கப்பட்டது. இந்த ஊருக்காக அணை மட்டம் காட்டும் ஒரு சிறு மென்பொருளை நீங்கள் எழுதினால், அதில் விழும் ஒவ்வொரு எண்ணுக்கும் எடை உண்டு. தவறி விழுந்த எண்ணுக்கும் அதே எடைதான்.

இந்த அத்தியாயத்தில் ஜாவா ஸ்விங்கில் அப்படியொரு பலகையை நாமே வரைந்து, மவுஸால் இழுத்து மட்டத்தைப் பதிவு செய்யும்படி ஆக்குவோம். சேர்வலாறு, பாபநாசம், மணிமுத்தாறு ஆகிய மூன்று அணைகளுக்கும் ஆளுக்கொன்றாக மூன்று தூண்கள். நீங்கள் பைத்தானிலோ க்யூட்டியிலோ எழுதுபவராக இருந்தாலும் வரிசை இதுவேதான். பெயர்கள் மட்டும் மாறும்.

முதலில் கணக்கு, பிறகு மவுஸ்

சேர்வலாறு அணையின் முழுக் கொள்ளளவு மட்டம் 156 அடி, பாபநாசம் 143, மணிமுத்தாறு 118. அடிக்கு 3 பிக்சல் என்று வைத்தால் தூண்களின் உயரம் 468, 429, 354 பிக்சல். மேலே 20 பிக்சல் இடம் விட்டால், மூன்று தூண்களுக்கும் பொதுவான அடிக்கோடு மேலிருந்து 488ஆம் பிக்சலில் அமையும். தூண்களின் அகலம் 60. இடது ஓரங்கள் 40, 140, 240. மவுஸ் தரும் இரண்டு எண்களில் கிடையானது எந்தத் தூண் என்று சொல்லும், நெடியது எத்தனை அடி என்று சொல்லும். அடி = (488 − நெடுநிலை) ÷ 3. நெடுநிலை 152 என்றால் மட்டம் 112 அடி.

இந்தக் கழித்தலைத் தலைகீழாக எழுதுவதுதான் புதியவர்கள் செய்யும் முதல் தவறு. திரையில் எண் மேலிருந்து கீழாக வளர்கிறது, அணையில் நீர் கீழிருந்து மேலாக ஏறுகிறது. இன்னொரு தவறு, வகுக்கும்போது முழு எண் வகுத்தலைப் பயன்படுத்துவது. அப்படிச் செய்தால் ஜாவா பின்னத்தைச் சத்தமில்லாமல் வெட்டிவிடும். 3 என்பதற்குப் பதில் 3.0 என்று எழுதினால் போதும். கணக்கைத் தனிச் செயல்கூறாக எழுதி, மவுஸைத் தொடும் முன்பே 20, 59, 134, 488 ஆகிய நான்கு எண்களைக் கொடுத்துப் பாருங்கள். 156, 143, 118, 0 என்று விடை வர வேண்டும்.

ஒரு பிக்சலுக்கு 4 அங்குலம் என்பதையும் இங்கேயே மனதில் வையுங்கள். நாளிதழில் 112.35 என்று வரும் எண்ணை இந்தத் தூணில் இழுத்து வைக்கவே முடியாது. அதற்கு என்ன செய்வது என்று பின்னால் பார்ப்போம்.

நிகழ்வுகளைக் கேட்கச் செய்தல்

1. ஜேகம்போனன்ட் வகுப்பிலிருந்து உங்கள் வகுப்பை உருவாக்குங்கள். தூண்களை வரைவது பெயின்ட்கம்போனன்ட் செயல்கூறில் மட்டும். அதன் முதல் வரியில் தாய் வகுப்பின் பெயின்ட்கம்போனன்டை அழைத்துவிட்டு, பின்னணி நிறத்தை நீங்களே ஒருமுறை பூசுங்கள். பூசாவிட்டால் பழைய பிடியின் (தூணில் மட்டத்தைக் காட்டும், மவுஸால் பிடித்து இழுக்கும் பட்டையின்) தடம் திரையில் நிற்கலாம்.

2. மவுஸ்அடாப்டர் ஒன்றை எழுதி, அழுத்தல், இழுத்தல், விடுதல் ஆகிய மூன்று செயல்கூறுகளையும் அதற்குள்ளேயே வையுங்கள். ஒவ்வொன்றின் தலையிலும் ஓவர்ரைடு குறியைத் தவறாமல் போடுங்கள். குறி இல்லாமல் பெயரில் ஓர் எழுத்து பிசகினால் கம்பைலர் எதுவும் சொல்லாது, நிகழ்வும் வராது.

3. அதே அடாப்டரை இரண்டு முறை பதிவு செய்யுங்கள்: மவுஸ் லிசனராக ஒரு முறை, மவுஸ் மோஷன் லிசனராக ஒரு முறை. அழுத்தலும் விடுதலும் முதல் வழியாக வருகின்றன, இழுத்தல் இரண்டாவது வழியாக வருகிறது. ஜாவா 6 முதல் ஒரே அடாப்டர் இரண்டுக்கும் பொருந்துவதால், ஒரு முறை பதிவு செய்தாலே போதும் என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். “அழுத்தினால் வேலை செய்கிறது, இழுத்தால் அசையவில்லை” என்ற புகார் வந்தால் முதலில் இந்த வரியைத்தான் தேட வேண்டும்.

4. மதிப்பு மாறியதும் ரீபெயின்ட் என்று மட்டும் கேளுங்கள். மவுஸ் செயல்கூறுக்குள் நேரடியாக வரையத் தொடங்காதீர்கள்.

மூன்று நிகழ்வு, ஒரு செயல்

இந்த அத்தியாயத்தில் ஒன்றே ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதானால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்: அழுத்தல், இழுத்தல், விடுதல் மூன்றையும் மூன்று தனிச் செய்திகளாகப் படிக்கக் கூடாது. அழுத்தும்போது ஒரு செயல் தொடங்குகிறது, விடும்போது அது முடிகிறது, இடையில் வருவதெல்லாம் வரைவு. மூன்று தூண் உள்ள நம் பலகையிலேயே இதற்குச் சான்று இருக்கிறது. பாபநாசத்தின் பிடியை ஒருவர் 130 அடிக்கு உயர்த்துகிறார். நெடுநிலை 98. கை சற்று வலப்பக்கம் நழுவி, மவுஸ் மணிமுத்தாற்றுத் தூணுக்கு நேர் மேலே, அதன் அகலத்துக்குள் போய்விடுகிறது. ஒவ்வொரு இழுத்தல் நிகழ்விலும் “இப்போது மவுஸ் எந்தத் தூணின் மேல்?” என்று உங்கள் நிரல் புதிதாகக் கேட்டால், இந்த 130 மணிமுத்தாற்றுக்குப் போகும், அங்கே உச்சம் 118 என்பதால் அந்த எல்லையில் வெட்டப்பட்டு நிற்கும். பலகை இப்போது மணிமுத்தாறு அணை நிரம்பிவிட்டது என்று காட்டுகிறது. கார்த்திகை மாதத்தில் ஏரலில் யாரும் அந்த எண்ணைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்க மாட்டார்கள். கணக்கில் பிழை இல்லை, எல்லைச் சோதனையும் சரியாகவே வேலை செய்தது. ஒரே செயலை நிரல் பல துண்டுகளாகப் படித்ததில்தான் பிழை வந்தது.

ஆகவே கம்போனன்டுக்குள் நான்கு செய்திகளை நினைவில் வையுங்கள்: பிடிபட்ட தூண் எது (எதுவுமில்லை என்றால் −1), வரைவு மட்டம் எவ்வளவு, பதிவான மட்டம் எவ்வளவு, பிடியின் நடுவிலிருந்து விரல் எவ்வளவு விலகி அழுத்தியது. வரிசை இப்படிப் போகும்.

1. அழுத்தும்போது: ஏற்கெனவே ஒரு தூண் பிடிபட்டிருந்தால் எதுவும் செய்யாமல் திரும்புங்கள். இடது பட்டன் இல்லையென்றாலும் அப்படியே. மவுஸ் ஏதாவது பிடியின் மேல் இருந்தால் அந்தத் தூணின் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். வரைவைப் பதிவு மட்டத்திலிருந்து நகலெடுங்கள். விலகலைக் கணக்கிடுங்கள்.

2. இழுக்கும்போது: தூண் −1 என்றால் திரும்புங்கள். இல்லையென்றால் கிடைநிலையைப் பார்க்கவே வேண்டாம். நெடுநிலையிலிருந்து விலகலைக் கழித்து அடியாக மாற்றி, 0க்கும் அந்தத் தூணின் உச்சத்துக்கும் இடையில் நிறுத்தி, வரைவில் மட்டும் எழுதுங்கள்.

3. விடும்போது: விடப்பட்டது இடது பட்டன்தானா, தூண் பிடிபட்டிருக்கிறதா என்று பார்த்து, வரைவைப் பதிவாக்குங்கள். தூணை −1 ஆக்குங்கள். இந்த ஓர் இடத்தில் மட்டுமே மற்ற நிரல்களுக்கு “மட்டம் மாறியது” என்று அறிவிக்க வேண்டும்.

விலகல் எதற்கு என்று தோன்றலாம். பிடியின் நடுவுக்கு 5 பிக்சல் கீழே ஒருவர் அழுத்துகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். விலகலைக் கழிக்காவிட்டால், மவுஸ் ஒரு பிக்சல் அசைந்த கணமே பிடி குதித்து மவுஸின் கீழ் வந்து நிற்கும். 5 பிக்சல் என்றால் 1 அடி 8 அங்குலம். யாரும் இழுக்காமலேயே அணையில் அந்த அளவுக்கு நீர் குறைந்துவிடும்.

இழுக்கும்போது எந்தப் பட்டன் அழுத்தப்பட்டிருக்கிறது என்று கெட்பட்டன் செயல்கூறைக் கேட்காதீர்கள். இழுத்தல் நிகழ்வில் அது “எந்தப் பட்டனும் இல்லை” என்றே சொல்லும், ஏனென்றால் அந்த நொடியில் எந்தப் பட்டனின் நிலையும் மாறவில்லை. நாம் அழுத்தும்போதே தூண் எண்ணைக் குறித்துவைத்ததால் அந்தக் கேள்வியே தேவைப்படவில்லை.

மவுஸ் பலகைக்கு வெளியே போனால் என்ன ஆகும்? ஸ்விங் இங்கே நம் பக்கம் நிற்கிறது. எந்தக் கம்போனன்டில் இழுத்தல் தொடங்கியதோ, விடும்வரை நிகழ்வுகள் எல்லாம் அதற்கே வரும். மவுஸ் சாளரத்தைத் தாண்டினாலும் வரும், அப்போது எண்கள் எதிர்மறையாகவும் இருக்கும். எனவே “வெளியேறியது” என்ற நிகழ்வு வந்ததும் செயலை முடித்துவிடும் பழக்கத்தை விடுங்கள். இணையப் பக்கத்தில் எழுதுபவர்களுக்கு இந்த வசதி தானாகக் கிடைக்காது. அங்கே பாயின்டர் கேப்ச்சரை அழுத்தும்போதே கேட்டு வாங்க வேண்டும்.

இரண்டு எதிர்வாதங்கள்

கிளிக் நிகழ்வு ஒன்றே போதாதா, தூணில் எங்கே கிளிக் செய்கிறாரோ அங்கே மட்டம் போய் நிற்கட்டுமே என்று கேட்பவர்கள் உண்டு. எழுதுவதற்கு அது எளிதுதான். ஆனால் அழுத்தலுக்கும் விடுதலுக்கும் இடையே மவுஸ் நகர்ந்துவிட்டால் ஸ்விங்கில் கிளிக் வருவதில்லை. கை நடுங்கும் பெரியவரும், பழைய மவுஸை வைத்திருப்பவரும், அவசரத்தில் இருப்பவரும் அழுத்திப் பார்ப்பார்கள், பலகை அசையாது, மறுபடி வேகமாக அழுத்துவார்கள். இதைவிடப் பெரிய குறை, கிளிக்கில் வரைவு என்ற கட்டமே இல்லை. எண்ணைப் பார்த்து முடிவெடுக்கும் முன்பே எண் பதிவாகிவிடுகிறது.

இரண்டாவது வாதம் இன்னும் வலுவானது. இழுக்கும்போதே பதிவும் மாறினால்தானே பயனருக்கு உயிரோட்டமாக இருக்கும், விடும்வரை காத்திருந்தால் பலகை மந்தமாகத் தெரியாதா? தெரியாது. கண்ணுக்குக் காட்டுவதும் பதிவு செய்வதும் வேறு வேறு வேலைகள். பிடி, தூணின் நிறம், பக்கத்தில் ஓடும் எண் எல்லாம் வரைவைப் பின்தொடர்ந்து அந்தந்த நொடியே மாறட்டும். பதிவு மட்டும் காத்திருக்கட்டும். ஸ்விங்கை எழுதியவர்களே இந்த வேறுபாட்டை ஏற்றிருக்கிறார்கள்: ஜேஸ்லைடரை இழுத்துக்கொண்டிருக்கும்போது “மதிப்பு இன்னும் சரிசெய்யப்படுகிறது” என்று அது தனியாக ஒரு கொடி காட்டும். சாதாரண பட்டனைப் பாருங்கள். அழுத்தியபடியே மவுஸை வெளியே நகர்த்தி விட்டால் அது எதுவும் செய்யாது. தவறாக அழுத்தியவருக்கு அது ஒரு திரும்பும் வழி. 2018இல் வந்த இணைய அணுகல்தன்மை நெறிமுறை 2.1 இதை எழுத்திலேயே வைத்தது: அழுத்திய கணத்தில் செயலை நிறைவேற்றாதே, அல்லது அதைக் கைவிடவோ திரும்பப் பெறவோ வழி கொடு. அந்த நெறிமுறை இணையத்துக்காக எழுதப்பட்டது என்றாலும் கை ஒன்றுதான்.

அப்படியானால் மூன்று ஜேஸ்லைடரை வைத்துவிட்டுப் போகலாமே? மூன்று எண்களை வாங்குவது மட்டுமே நோக்கம் என்றால் அதையே செய்யுங்கள். நானும் அதைத்தான் பரிந்துரைப்பேன். மூன்று அணைகளையும் ஒரே அடிக்கோட்டில், ஒரே அளவையில், நேற்றைய மட்டத்தின் கோட்டோடு சேர்த்துப் பார்க்க வேண்டும் என்னும்போதுதான் சொந்தக் கம்போனன்ட் அவசியமாகிறது.

கைவிடும் வழி

நம் பலகையில் மவுஸ் வெளியே போனாலும் இழுத்தல் தொடர்வதால், வெளியே விட்டுக் கைவிடும் வழி இல்லை. எனவே எஸ்கேப் விசைக்கு அந்த வேலையைக் கொடுங்கள். கீ லிசனர் வேண்டாம். ஃபோகஸ் வேறெங்காவது இருந்தால் அதற்கு விசை வராது. இன்புட் மேப், ஆக்‌ஷன் மேப் இரண்டையும் கொண்டு, சாளரம் முழுவதற்குமாக எஸ்கேப்பைக் கட்டுங்கள். விசை வந்ததும் தூணை −1 ஆக்கி ரீபெயின்ட் கேட்டால் போதும். பதிவை நாம் தொடவே இல்லை என்பதால் பழைய மட்டம் தானாகத் திரும்பி வருகிறது. வரைவைத் தனியாக வைத்ததன் பலன் இங்கே கையில் கிடைக்கிறது.

எஸ்கேப்புக்குப் பிறகும் பட்டன் அழுந்தியே இருக்கும், இழுத்தல் நிகழ்வுகள் வந்துகொண்டே இருக்கும். தூண் −1 என்பதால் அவை எல்லாம் வாசலிலேயே திரும்பிவிடும். இழுத்தலின் நடுவில் ஒருவர் வேறு சாளரத்துக்குத் தாவினாலும், நிரல் கம்போனன்டை முடக்கினாலும் இதே கைவிடும் செயல்கூறையே அழையுங்கள். சந்தேகம் வந்தால் பழைய எண் நிற்கட்டும். பாதியில் நின்ற எண் பதிவாகக் கூடாது.

பிடி, வலது பட்டன், சக்கரம்

பிடியை அழகுக்காக 12 பிக்சல் உயரத்தில் வரையலாம். தொடும் பரப்பையும் அதே அளவில் வைக்காதீர்கள். 2023 அக்டோபரில் வந்த நெறிமுறை 2.2 குறைந்தது 24க்கு 24 பிக்சல் கேட்கிறது. வரைவது 12, பிடிப்பது 24 என்று இருப்பதில் தவறில்லை. மவுஸ் அந்தப் பரப்புக்குள் வந்ததும் கர்சரை மேல்கீழ் அம்பாக மாற்றுங்கள், எங்கே பிடிக்கலாம் என்று பயனருக்குத் தெரியும். அதே நெறிமுறை, இழுத்துச் செய்யும் எதையும் இழுக்காமலும் செய்ய வழி வேண்டும் என்கிறது. 112.35 என்ற சிக்கலுக்கும் விடை அங்கேயே இருக்கிறது: தூணின் கீழே ஓர் எண் பெட்டி வையுங்கள், மேல்கீழ் அம்பு விசைகளுக்கு 0.05 அடி கொடுங்கள். மவுஸ் தோராயத்துக்கு, விசை துல்லியத்துக்கு.

வலது பட்டனில் பட்டியல் திறப்பதானால் பாப்அப் டிரிகர் சோதனையை அழுத்தலிலும் விடுதலிலும் செய்யுங்கள். விண்டோஸில் அது விடும்போது வரும், லினக்ஸிலும் மேக்கிலும் அழுத்தும்போது வரும். ஒன்றில் மட்டும் எழுதினால் உங்கள் கணினியில் ஓடும், அடுத்தவர் கணினியில் ஓடாது.

மவுஸ் சக்கரத்தை மட்டத்துடன் இணைக்காதீர்கள். பக்கத்தை உருட்டப் போன விரல் வழியில் ஓர் அணையின் மட்டத்தை மாற்றிவிடும். தவிர, உங்கள் கம்போனன்ட் சக்கரத்தைக் கேட்கத் தொடங்கினால் அதைச் சுற்றியுள்ள ஸ்க்ரோல் பேன் உருளுவதை நிறுத்திவிடும்.

கண்டுபிடிக்கக் கடினமான ஒன்று: பலகைக்குள் அணைப் பெயருக்காக ஒரு ஜேலேபிளை வைத்து, அதற்கு டூல்டிப் கொடுத்தால், அந்த லேபிளின் மேல் நடக்கும் மவுஸ் நிகழ்வுகள் பலகைக்கு வராது. டூல்டிப் தனக்காக ஒரு மவுஸ் லிசனரை லேபிளில் பதிவு செய்துவிடுகிறது. லிசனர் உள்ள ஆக உள்ளேயிருக்கும் கம்போனன்டே நிகழ்வை எடுத்துக்கொள்ளும். பெயரைப் பலகையிலேயே வரைந்துவிடுங்கள்.

பதிவான பின்

விடுதல் செயல்கூறுக்குள் தரவுத்தளத்தில் எழுதுவதோ இணையத்துக்கு அனுப்புவதோ கூடாது. ஸ்விங்கில் நிகழ்வும் வரைதலும் ஒரே இழையில் ஓடுகின்றன. இணைப்பு மெதுவானால் திரை அப்படியே உறையும். மழை நாளில் இணைப்பு மெதுவாகத்தான் இருக்கும். ஸ்விங்ஒர்க்கரிடம் வேலையைக் கொடுங்கள். பழைய எண், புதிய எண், நேரம் மூன்றையும் சேர்த்து எழுதுங்கள்.

பாதுகாப்புக்காக ஒன்று. இது மட்டத்தைக் குறித்துவைக்கும் பலகை. இதை எந்த மதகின் மோட்டாருடனும், தானாகக் குறுஞ்செய்தி அனுப்பும் எந்த ஏற்பாட்டுடனும் நேரடியாக இணைக்காதீர்கள். எண் வெளியே போகும் முன் ஒரு மனிதர் அதைப் படித்து ஒப்புக்கொள்ளும் படி ஒன்று இடையில் இருக்க வேண்டும். ஒரே இழுப்பில் 10 அடிக்கு மேல் மாறினால் பலகையே நின்று கேட்கட்டும்.

கையால் சோதிக்க

1. பாபநாசத்தைப் பிடித்து, மணிமுத்தாற்றின் குறுக்கே இழுத்து, சாளரத்துக்கு வெளியே விடுங்கள். பாபநாசம் மட்டுமே மாறியிருக்க வேண்டும்.

2. பிடியின் கீழ் ஓரத்தில் அழுத்தி, நகர்த்தாமல் விடுங்கள். எண் துளியும் அசையக் கூடாது.

3. இடது பட்டனில் இழுத்துக்கொண்டே வலது பட்டனை அழுத்தி விடுங்கள். இழுத்தல் தொடர வேண்டும், பதிவு நடக்கக் கூடாது.

4. இழுத்தலின் நடுவில் எஸ்கேப்பை அழுத்தி, மவுஸை மேலும் நகர்த்தி, பிறகு விடுங்கள். பழைய மட்டம் நிற்க வேண்டும், அறிவிப்பு ஒன்றும் போகக் கூடாது.

5. நெட் இணைப்பைத் துண்டித்துவிட்டு ஒரு மட்டத்தைப் பதிவு செய்து, உடனே அடுத்த தூணைப் பிடித்து இழுங்கள். பிடி கையோடு வர வேண்டும். அனுப்ப முடியாத எண் “அனுப்பவில்லை” என்ற குறியோடு திரையில் நிற்க வேண்டும்.

மூன்றாவதும் நான்காவதும் தோற்றால் பிழை பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் இருக்கும்: விடுதல் செயல்கூறின் முதல் வரியில், தூண் எண்ணையும் பட்டனையும் சரிபார்க்கும் நிபந்தனையில்.